மண் குஸ்தி: மண்வெட்டியில் தொடங்கி தங்கல் (போட்டி) வரை ஒரு முழு வழிகாட்டி

குஸ்தி கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே கேட்பது, "என்னென்ன பிடி சொல்லித் தருவீங்க?" என்பதைத்தான். எந்த உஸ்தாதும் (ஆசானும்) இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. மண்வெட்டியைக் காட்டுவார். மண் குஸ்தியில் பிடி கடைசியாக வருவது. மண்ணைப் பதப்படுத்துவது, மூச்சைப் பிடிப்பது, கழுத்தையும் தொடையையும் தயார் செய்வது, விழக் கற்பது எல்லாம் அதற்கு முன்னால். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது. நடுநடுவே வரலாறும் வரும். களத்தில் இன்று செய்கிற பல காரியங்களுக்குக் காரணம் அங்கேதான் கிடக்கிறது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நண்பனைக் கூட்டிக்கொண்டு ஆற்று மணலில் இறங்கிவிடாதீர்கள். ஆளைத் தூக்கி எறிகிற எந்தப் பயிற்சியையும் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போதுதான் செய்ய வேண்டும். கழுத்து போனால் போனதுதான்.

எங்கிருந்து வந்தது

குஸ்தி என்றாலே வடக்கத்திச் சரக்கு என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. அது பாதிதான் சரி. புறநானூற்றின் 80ஆம் பாட்டில் சாத்தந்தையார் ஒரு மற்போரை நேர்முக வர்ணனை போலவே சொல்கிறார். ஆமூரில் வலிமை மிக்க மல்லன் ஒருவனோடு சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மோதுகிறான். அவனுடைய ஒரு கால் மல்லனின் மார்பில் அழுந்தி நிற்கிறது; மறு கால் மல்லன் செய்ய வருகிற தந்திரத்தைத் தடுத்து முதுகுப்பக்கம் வளைகிறது. மகனோடு பிணக்கில் இருக்கும் தித்தன், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், இதை ஒரு தடவை பார்க்கட்டுமே என்கிறார் புலவர். மார்பில் ஒரு கால், பின்னால் ஒரு கால் என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்பவர் களத்தோரம் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். அப்புறம் 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டதும், மாமல்லபுரம் அந்தப் பெயரைப் பெற்றதும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் எழுதிய மானசோல்லாசத்தில் மல்லர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வயது, உடம்பு, திறமை ஆகியவற்றை வைத்து அவர்களைத் தரம் பிரிப்பது, என்ன சாப்பிடக் கொடுப்பது, எப்படிப் பழக்குவது என்று ஒரு பயிற்சிக் கையேடு போலவே போகும். 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், கிருஷ்ணதேவராயரின் காலைப் பொழுதை எழுதி வைத்திருக்கிறார். விடிவதற்கு முன் நல்லெண்ணெய் குடிப்பார், உடம்பெல்லாம் அதையே பூசிக்கொள்வார், மண்ணால் செய்த கனமான எடைகளைத் தூக்குவார், பூசிய எண்ணெய் வியர்வையில் வெளியேறும்வரை வாள் சுழற்றுவார், பிறகு தன் மல்லர்களில் ஒருவனோடு குஸ்தி போடுவார். அரசனோடு குஸ்தி போட்டவன் எந்த அளவுக்கு முழு பலத்தைக் காட்டினான் என்பதை மட்டும் பயஸ் எழுதவில்லை.

முகலாயர் காலத்தில் பாரசீகத்துக் குஸ்தி வந்து இங்கிருந்த மல்யுத்தத்தோடு கலந்தது. நாம் இன்று பார்க்கும் மண் குஸ்தி அந்தக் கலப்பில் உருவானதுதான். அதனால்தான் அனுமன் படம் மாட்டிய களத்தில் ஆசானை உஸ்தாத் என்று கூப்பிடுகிறார்கள். முஸ்லிம் பயில்வான்கள் 'யா அலி' என்று சொல்லி இறங்குகிறார்கள். பிரிட்டிஷ் காலத்தில் பட்டியாலா, பரோடா, கோலாப்பூர், மைசூர் போன்ற சமஸ்தானங்கள் பயில்வான்களுக்குச் சோறு போட்டு வளர்த்தன. கோலாப்பூரின் ஷாஹூ மகாராஜா 1912இல் கட்டிய காஸ்பாக் மைதானம் இன்றும் இருக்கிறது. நடுவில் குஸ்திக் களம், சுற்றிலும் படிப்படியாக உயரும் இருக்கைகள். முன்னால் இருப்பவன் தலை மறைக்கிறது என்ற சண்டைக்கே இடமில்லை.

மைசூர் அரண்மனையில் இதன் முரட்டு உறவினரான வஜ்ரமுஷ்டியையும் ஜெட்டி சமூகத்தார் தசராவின்போது நடத்திக்காட்டுவார்கள். கைமுட்டியில் ஆயுதம் மாட்டிக்கொண்டு மொட்டைத் தலையோடு மோதுவார்கள். முதல் துளி ரத்தம் வந்ததும் முடிந்தது. அது வேறு கலை. நம் வழிகாட்டியில் அடி, குத்து எதற்கும் இடமில்லை.

படி 1: களம் தேடுவது

வடக்கில் அகாடா, மராட்டியத்தில் தாலீம், கன்னடத்தில் கரடி மனை. எல்லாம் ஒன்றுதான்: ஒரு மண் களம், பக்கத்தில் கொஞ்சம் கனமான சாமான்கள், ஒரு சாமி படம், அதட்ட ஒரு பெரியவர். கோலாப்பூரில் கங்காவேஷ், மோதிபாக் போன்ற பழைய தாலீம்களில் வெளியூர்ப் பையன்கள் தங்கியே பயில்கிறார்கள். டெல்லியில் 1925இல் தொடங்கிய குரு ஹனுமான் அகாடா, வாரணாசியில் துளசி காட் பக்கத்து அகாடா, ஹைதராபாத் பழைய நகரத்தின் தாலீம்கள், மைசூரு கரடி மனைகள் என்று தேடினால் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் மண் களம் அரிது. மாவட்ட விளையாட்டு அரங்குகளில் மல்யுத்தம் இருந்தாலும் அது பெரும்பாலும் மெத்தை விரிப்பில் நடக்கும் ஒலிம்பிக் பாணி. அதில் சேர்ந்து அடிப்படையைப் பழகிக்கொண்டு, விடுமுறையில் மைசூருவுக்கோ கோலாப்பூருக்கோ போய் மண்ணைப் பழகுவது நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. கொச்சி கடற்கரை மணலில் சட்டை அணிந்து ஆடும் கட்டா குஸ்தி தனி மரபு. அதில் சட்டையைப் பிடித்துத் தூக்கலாம், அதனால் பிடிகளே வேறு.

சேருவதற்கு முன் ஒரு நாள் விடியற்காலையில் போய்ச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். புதுப் பையன்களைப் பெரியவர்களோடு மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறார்களா, இல்லை ஆசான் எழுந்து வந்து "விடு" என்று பிரித்துவிடுகிறாரா என்று கவனியுங்கள். முதல் வகைக் களமாக இருந்தால் எத்தனை கோப்பை அலமாரியில் இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கையோடு கொண்டு போக வேண்டியவை குறைவு: இரண்டு லங்கோடு, ஒரு துண்டு, வெட்டிய நகம். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். மண்ணில் புரளப்போகிறவர் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

படி 2: மண்

களம் சதுரமாக இருக்கும், பொதுவாக ஒரு பக்கம் 20 அடி போல. கல், வேர், கண்ணாடித் துண்டு இல்லாமல் சலித்த மண்ணைத்தான் கொட்டுவார்கள். கோலாப்பூர்ப் பக்கம் செம்மண்ணுக்கு மவுசு. அதில் மோர், எண்ணெய், மஞ்சள், எலுமிச்சை, கற்பூரம் சேர்ப்பார்கள். வடக்கே கடுகெண்ணெய், வேப்பிலை, காவி மண், கொஞ்சம் நெய். ஒவ்வோர் அகாடாவுக்கும் ஒரு பக்குவம். இதனால் மண் புழுதியாகப் பறக்காது, உடம்பில் உரசினாலும் கீறாது. மஞ்சளும் வேப்பிலையும் தோல் நோய் வராமல் தடுக்கும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் பேரில் தோலில் படை நோயோடு களத்தில் இறங்குகிறவனை ஆசான் துரத்திவிட வேண்டும். ஒருவன் தோலில் இருப்பது ஒரே வாரத்தில் எல்லோருக்கும் வந்துவிடும்.

தினமும் காலையில் முதல் வேலை கொத்துவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் இதைக் கூலி வேலை என்று நினைத்து முகம் சுளிக்கிறார்கள். ராத்திரி முழுக்க மண் இறுகிக் கிடக்கும். ஒரு மூலையில் தொடங்கி, காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, மண்வெட்டியைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இறக்க வேண்டும். வெட்டி, பின்னால் இழுத்து, அரையடி நகர்ந்து, மறுபடியும். இடுப்பைத் தாழ்த்தாமல் முதுகை வளைத்துக் கொத்தினால் பத்து நிமிடத்தில் நடு முதுகு பிடித்துக்கொள்ளும். முழுக் களத்தையும் கொத்தி முடிக்கும்போது உள்ளங்கை, முன்கை, தோள், தொடை எல்லாம் சூடாகி மூச்சு வாங்கும். எதிராளியை முன்னால் இழுத்துக் கீழே அழுத்துகிற அசைவும் இதே அசைவுதான். மண்வெட்டி பிடித்த கை மணிக்கட்டைப் பிடித்தால் சுலபத்தில் விடாது.

கொத்திய பிறகு பரம்படிப்பது. கனமான ஒரு பலகையில் கயிறு கட்டி, அதன்மேல் ஒரு பையனை உட்கார வைத்து, இன்னொருவர் களம் முழுக்க இழுப்பார். உட்காருகிறவனுக்குச் சவாரி, இழுப்பவனுக்குத் தொடை வலி; அப்புறம் ஆளை மாற்றிக்கொள்வார்கள். ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்குங்கள். உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். கால் வழுக்கும், முழங்கால் திருகும். உருண்டையே ஆகாவிட்டால் இரண்டு குடம் தண்ணீர் தெளித்துக் காயவிட்டு இறங்க வேண்டும்.

இறங்கும் முன் ஒரு பிடி மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வதும், செருப்போடு களத்தை மிதிக்காததும் எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். உங்களுக்குப் பக்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்துவிடுங்கள்.

படி 3: உடம்பு

தண்டாலும் பஸ்கியும்தான் அடித்தளம். தண்டால் என்றால் ஜிம்மில் எடுக்கும் நேர்க்கோட்டு வகை இல்லை. கைகளை ஊன்றி இடுப்பை மேலே உயர்த்தி நிறுத்துங்கள். நெஞ்சைத் தரையை ஒட்டி முன்னால் சறுக்கி மேலே எழுப்புங்கள். வந்த வழியே இடுப்பைப் பின்னுக்கு இழுங்கள். ஓர் அலைபோல் போய்வர வேண்டும். பஸ்கியில், அதாவது உட்கார்ந்து எழுவதில், இறங்கும்போது குதிகால் மேலே எழும், கைகள் வீசும். முழங்காலில் ஏற்கெனவே கோளாறு இருப்பவர்கள் குதிகாலைத் தரையிலேயே வைத்துப் பாதி வரை இறங்கினால் போதும்.

எண்ணிக்கை விஷயத்தில் பழங்கதைகள் ஆளைக் கெடுக்கும். புகழ்பெற்ற பயில்வான் மாபெரும் காமா ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தார் என்று சொல்வார்கள். எடுத்திருக்கலாம். அவர் சின்ன வயதிலிருந்தே அதை மட்டும் செய்தவர், சமஸ்தானத்துச் செலவில். நீங்கள் பத்துப் பத்தாக மூன்று தடவை தண்டால், இருபது இருபதாக மூன்று தடவை பஸ்கி என்று தொடங்கி, வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். பழக்கமில்லாத உடம்பு ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுத்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். மறுநாள் தொடை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது கர்லாக்கட்டை. தோள்மூட்டு சுழல்வதற்கு இதைவிட நல்ல சாமான் இல்லை. இலேசான ஜோடியை எடுத்து, முதுகுக்குப் பின்னால் கட்டை தொங்கி வரும்படி மெதுவாகச் சுற்றப் பழகுங்கள். கனத்தைக் காட்டுவதற்காகத் தூக்கினால் தோள்மூட்டு வலியில் பேச ஆரம்பித்துவிடும். கதாயுதம் சுற்றுவது, கழுத்தில் கல் வளையம் மாட்டிக்கொண்டு பஸ்கி எடுப்பது எல்லாம் பல மாதம் கழித்து. கயிறு ஏறுவதை மட்டும் சீக்கிரமே தொடங்கலாம். விழுப்புரம் பக்கத்தில் இன்றும் உயிரோடு இருக்கும் மல்லர் கம்பம் தெரிந்தவர்களுக்குப் பிடியிலும் வயிற்றிலும் பலம் ஏற்கெனவே வந்திருக்கும்.

கழுத்துக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். முதல் சில வாரங்கள் உள்ளங்கையால் நெற்றியைத் தள்ள, கழுத்தால் எதிர்ப்பது, நான்கு பக்கமும். தலையை ஊன்றி உடம்பை வில்லாக வளைக்கும் பாலத்தை ஆசான் சொன்ன பிறகு, கைத்தாங்கலோடு, மெத்தென்ற மண்ணில் மட்டும்.

படி 4: சாப்பாடு

பால், நெய், பாதாம். வடக்கத்திப் பயில்வானின் மும்மூர்த்திகள். பாதாமை இரவே ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்துப் பாலில் கரைத்துப் பயிற்சிக்குப் பின் குடிப்பார்கள். புளிப்பும் காரமும் தவிர்ப்பார்கள். இந்து அகாடாக்களில் பலர் சைவம். அசைவம் சாப்பிடுகிற பயில்வான் மரபும் அதே அளவு பழையது. புகை, குடி கிடையாது. ராத்திரி சீக்கிரம் படுத்து விடிவதற்கு முன் எழ வேண்டும்.

நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே பருப்பு, முட்டை, தயிர், நிலக்கடலை, கேழ்வரகு என்று தேவையானது கிடைத்துவிடும். டம்ளர் டம்ளராக நெய் குடிப்பது நாள் முழுக்க உழைத்தவர்களின் கணக்கு. குஸ்தியை நிறுத்திய பயில்வான் நெய்யை நிறுத்தாமல் என்ன ஆனார் என்பதற்கு எந்த ஊரிலும் இரண்டு மூன்று உதாரணம் கிடைக்கும்.

படி 5: விழுவதும் ஜோரும்

பிடிக்கு முன் விழக் கற்க வேண்டும். மூன்றே விஷயங்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி வையுங்கள், பின்தலை மண்ணில் மோதக் கூடாது. கையை நீட்டி ஊன்றாதீர்கள். முழங்கையும் தோள் எலும்பும் போவது அப்படித்தான். உடம்பைச் சுருட்டி, தோளிலிருந்து எதிர் இடுப்புக்கு உருளுங்கள். இதை முதலில் குந்திய நிலையிலிருந்து, பிறகு நின்றபடி, பிறகு மெதுவாக ஒருவர் தள்ளப் பழக வேண்டும்.

லங்கோட்டை இறுக்கமாகக் கட்டுங்கள். பல களங்களில் அதையே பிடித்துத் தூக்குவார்கள், நடுவில் அவிழ்ந்தால் பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம்.

அப்புறம் ஜோர், அதாவது பயிற்சி மோதல். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மண்ணை அள்ளித் தூவிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சடங்கு மாதிரி தெரிந்தாலும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. வியர்த்த உடம்பில் கை வழுக்கும், மண் பட்டால் பிடி நிற்கும். ஒரு கால் முன்னே, முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து நில்லுங்கள். ஒரு கை எதிராளியின் பிடரியில், மறு கை அவன் முழங்கைப் பக்கம். நெற்றியோடு நெற்றி முட்டும். புதியவர்கள் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு முழு பலத்தோடு தள்ளுவார்கள். இரண்டே நிமிடத்தில் கால் நடுங்கிவிடும். தள்ளாதீர்கள். பிடரியில் வைத்த கையின் எடையை மட்டும் அவன்மேல் போடுங்கள். அவன் எந்தக் காலில் நிற்கிறான், எப்போது மூச்சு விடுகிறான் என்று கை சொல்லும். முதல் மாதம் முழுக்க இதை மட்டுமே செய்தாலும் நஷ்டமில்லை.

ஜோரில் வெற்றி தோல்வி கிடையாது. பெரியவன் சின்னவனோடு மோதும்போது தன் பலத்தில் பாதியைத்தான் காட்ட வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

காது மடிந்து வீங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே தேங்கிய ரத்தத்தை எடுக்காவிட்டால் அப்படியே இறுகிப் பூரி போலாகிவிடும். சிலர் அதைப் பதக்கமாக நினைப்பது வேறு விஷயம்.

படி 6: பிடிகள்

நூற்றுக்கணக்கில் பிடிகள் இருப்பதாகச் சொல்வார்கள். ஒரு நல்ல பயில்வானிடம் உண்மையில் இருப்பது இரண்டோ மூன்றோ. மற்றதெல்லாம் அந்த மூன்றுக்குள் எதிராளியைக் கொண்டுவரும் வழிகள்.

வண்ணான் துணி துவைப்பதைப் பார்த்து வைத்த பெயர் தோபி பாட். எதிராளியின் வலது கை உங்கள் தோளுக்கு வந்த கணத்தில், அதன் மணிக்கட்டையும் மேற்கையையும் இரண்டு கையாலும் பிடியுங்கள். இடது காலைப் பின்னால் வீசி, அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். உங்கள் இடுப்பு அவன் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். பிடி பலிப்பதும் பலிக்காததும் இந்த ஓர் இடத்தில்தான். இடுப்பு உயரமாக இருந்தால் அவன் உங்கள் முதுகிலேயே தொங்கி, பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிவிடுவான். தாழ்ந்திருந்தால், அவன் கையை உங்கள் நெஞ்சோடு ஒட்டி இழுத்து, முழங்காலை நிமிர்த்தி, தலையை இடப்பக்கம் திருப்பினாலே அவன் தோளுக்கு மேல் போய்விடுவான். பலத்தால் தூக்க வேண்டிய தேவையே இல்லை. முதலில் எறியாமல் திரும்பி நிற்பதை மட்டும் நூறு தடவை பழக வேண்டும்.

காலாஜங்கில் ஒரு கையால் எதிராளியின் கையை இழுத்து, மறு கையை அவன் தொடைகளுக்கு நடுவே கொடுத்து, தோள்களுக்குக் குறுக்கே ஏற்றிப் புரட்டுவார்கள். டாக் என்பது கழுத்தை வளைத்துப் பிடித்து இடுப்பால் எறிவது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கஷாபா ஜாதவுக்குக் கைவந்த பிடி. கைஞ்சி என்றால் கால்களால் கத்தரி போட்டுப் புரட்டுவது. இவற்றைப் படித்து வராது, உடம்பில் ஏற்றித்தான் வர வேண்டும்.

தடுப்பையும் அதே நேரத்தில் கற்றுக்கொள்ளுங்கள். மண் குஸ்தியில் எதிராளியின் முதுகை மண்ணில் படிய வைத்தால்தான் வெற்றி. குப்புற விழுவது தோல்வியே இல்லை. மீசையில் மண் ஒட்டியதா என்று இங்கே யாரும் பார்ப்பதில்லை, முதுகில் ஒட்டியதா என்பதுதான் கேள்வி. 1910 செப்டம்பர் 10ஆம் தேதி லண்டனில் காமாவும் போலந்தின் ஸ்பிஷ்கோவும் மோதியபோது நடந்தது இதுதான். தொடக்கத்திலேயே கீழே போன ஸ்பிஷ்கோ, குப்புறப் படுத்துத் தரையோடு ஒட்டிக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் காமா புரட்டப் பார்த்தும் முடியவில்லை. சமன் என்று அறிவித்தார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி மோத வேண்டிய நாளில் ஸ்பிஷ்கோ வரவே இல்லை. பட்டம் காமாவுக்குப் போனது. 1928இல் பட்டியாலாவில் இருவரும் மண் களத்தில் சந்தித்தபோது, ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிஷ்கோவின் முதுகு மண்ணைத் தொட்டது. அப்போது இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது.

நாமும் கீழே மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது அதுவே. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கால்களை அகட்டி, வயிற்றை மண்ணில் பதியுங்கள். மேலே இருப்பவன் கையை உள்ளே விடப் பார்ப்பான், கழுத்தை அமுக்குவான், மணிக்கட்டை இழுப்பான். பொறுத்துக்கொண்டு, அவன் எடை ஒரு பக்கம் சாயும் கணத்தில் அந்தப் பக்கமாகவே உருண்டு எழ வேண்டும்.

படி 7: தங்கல்

போட்டிக்குப் பெயர் தங்கல். மைசூரில் தசரா, உத்தரப் பிரதேசத்தில் நாக பஞ்சமி, மராட்டியத்தில் ஊர்த் திருவிழாக்கள், பஞ்சாபில் சிஞ் எனும் குஸ்தித் திருவிழா என்று இடத்துக்கு இடம் காலம் மாறும். கோலாப்பூர்ப் பக்கம் ஹல்கி என்ற பறை அடிக்க, துதாரி ஊத, பயில்வான்கள் தொடையைத் தட்டிக்கொண்டு களத்தைச் சுற்றி வருவார்கள். கிராமத்துத் தங்கல்களில் எடைப் பிரிவு பெரும்பாலும் கிடையாது. பெரியவர்கள் இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து, உடம்பையும் பேரையும் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். ஜோடி பொருந்தவில்லை என்று தோன்றினால் மறுக்கலாம். அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. உங்கள் உஸ்தாத் இதற்காகத்தான் கூட வருகிறார்.

புள்ளிக் கணக்கு இல்லை. இரண்டு தோளும் மண்ணில் பட்டு முதுகு படிந்தால் 'சித்', ஆட்டம் முடிந்தது. இடுப்பும் சேர்ந்து பட வேண்டும் என்று பார்க்கிற நடுவர்களும் உண்டு, இறங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நேரமும் ஊர் வழக்கப்படி. இருவரும் அசையாமல் நின்றுகொண்டே இருந்தால் கூட்டம் கத்தும், நடுவர் எச்சரிப்பார், கடைசியில் சமன் என்று கையை உயர்த்திவிடுவார். குத்துவது, கீறுவது, விரலை முறிப்பது, கண்ணில் மண் போடுவது எல்லாம் தவறு.

முதல் தங்கலில் ஒரே ஒரு பிடியை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். அன்றைக்குக் காலையில் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். வெயிலில் உங்கள் முறை வரக் காத்திருக்கும்போது தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். இதில் ஏமாந்துபோய்க் களத்தில் சுருண்டவர்கள் நிறைய. முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், எதிராளியைத் தழுவிவிட்டு அவருடைய உஸ்தாத் காலையும் தொட்டுவிட்டு வர வேண்டும். பரிசுப் பணம் சின்ன ஜோடிகளுக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கும், கடைசி ஜோடிக்கு லட்சங்களையும் தொடும். அந்த மாநிலத்தின் பெரிய குஸ்திப் பட்டமான மகாராஷ்டிர கேசரிக்கு வெள்ளிக் கதாயுதம்.

பெண்கள்

பல பழைய அகாடாக்கள் பெண்களை உள்ளேயே விட்டதில்லை; சில இடங்களில் இன்றும் அப்படித்தான். ஆனால் 1954இலேயே ஹமீதா பானு, தன்னைத் தோற்கடிக்கிற ஆணைக் கல்யாணம் செய்துகொள்வதாக அறிவித்துவிட்டு, ஆண் பயில்வான்களோடு மோதினார். பரோடாவில் பாபா பயில்வானை வென்றார். யாருக்கும் மாலை கிடைக்கவில்லை. ஹரியானாவின் பலாலி கிராமத்தில் மகாவீர் போகட் தன் மகள்களை மண்ணில்தான் பழக்கினார். மூத்தவர் கீதா 2010 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். இன்று சேர விரும்பும் பெண், பெண்களுக்கெனத் தனி நேரமும், உடை மாற்ற இடமும், பெண் பயிற்சியாளரோ மூத்த வீராங்கனையோ இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேரலாம். இந்தக் கேள்விக்கு முகம் மாறுகிற களம் வேண்டாம்.

மண்ணிலிருந்து மெத்தைக்கு

கஷாபா ஜாதவ் 1948 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனபோது அவருக்கு மெத்தை பழக்கமில்லை. ஆறாவது இடம் கிடைத்தது. நான்கு வருடம் கழித்து வெண்கலம்; சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். அடுத்த மல்யுத்தப் பதக்கத்துக்கு 2008இல் சுஷில் குமார் வரும்வரை 56 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் மண்தான் என்று ஒரு கட்சி, மெத்தை வாங்கக் காசு கொடுக்காதவர்கள்தான் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி.

வித்தியாசம் என்னவோ உண்மை. மண்ணில் கால் புதையும், அதனால் பாய்ந்து காலைப் பிடிக்கும் வேகம் குறையும். பிடி நீளும், பலமும் பொறுமையும் பேசும். மெத்தையில் மூன்று மூன்று நிமிடமாக இரண்டு சுற்று, நிமிடத்துக்கு நிமிடம் புள்ளி. பத்துப் புள்ளி முன்னிலை வந்தாலே ஆட்டம் முடிந்துவிடும். ஸ்பிஷ்கோ போல் படுத்துக்கிடந்தால் புள்ளி போய்க்கொண்டே இருக்கும்.

போட்டியில் முன்னேற வேண்டும் என்ற எண்ணம் இருக்கிற இளைஞர், பதினைந்து பதினாறு வயதுக்குள் மெத்தைக்கும் பழகிவிடுவது நல்லது. வாரத்தில் இரண்டு நாள் மண், மற்ற நாள் மெத்தை என்று பிரித்துக்கொள்ளலாம். மண் நாளில் கொத்துவது, கயிறு, நீண்ட ஜோர். மெத்தை நாளில் வேகம், காலைப் பிடிப்பது, புள்ளிக் கணக்கு. மகாராஷ்டிர கேசரியில் மண் பிரிவில் வென்றவரும் மெத்தைப் பிரிவில் வென்றவரும் கடைசியில் நேருக்கு நேர் மோதுகிறார்கள், ஆகவே இரண்டையும் சேர்த்துப் பழகுவது அங்கே சாதாரணம். உடம்பை வளர்க்க மட்டும் வருகிறவருக்கு இந்தக் கவலை எதுவும் வேண்டாம். காலையில் போய், களத்தைக் கொத்தி, தண்டால் எடுத்து, இரண்டு ஜோர் போட்டுவிட்டு, குளித்து அலுவலகம் போகலாம். குளிக்கும் முன் மண்ணை உடம்பிலேயே கொஞ்சம் காயவிட்டு உதிர்த்துவிடுங்கள், இல்லையென்றால் வீட்டில் குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொள்ளும்.